மோன்ட் ஃப்ளூர், 1991–92: எதிராளியின் கதையை இறுதிவரை கேட்டவர்கள்

1991 செப்டம்பரில், தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில், ஸ்டெல்லன்போஷ் நகருக்கு வெளியே மலைகளும் திராட்சைத் தோட்டங்களும் சூழ்ந்த மோன்ட் ஃப்ளூர் என்னும் கூட்ட மையத்தில், வழக்கமாக ஒரே மேசையில் அமர்ந்து பேசாத இருபதுக்கும் சற்று அதிகமானோர் மூன்று நாள்கள் கூடினார்கள். ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸின் பொருளாதாரத் துறையினர், அக்கட்சியையே மிதவாதிகள் என்று குறை கூறிய பான் ஆப்பிரிக்கக் காங்கிரஸின் பொருளியலாளர், தொழிற்சங்கத்தவர், சமூகச் செயல்பாட்டாளர்கள், பல்கலைக்கழக ஆசிரியர்கள், வெள்ளையர் வணிக நிறுவனங்களின் உயர் பொறுப்பாளர்கள் ஆகியோர் அதில் இருந்தனர். அதே குழு அவ்வாண்டு நவம்பரிலும் 1992 மார்ச்சிலும் மறுபடி கூடியது. இந்த மூன்று அமர்வுகளின் பயனாக வெளிவந்தவை, நாட்டின் அடுத்த பத்தாண்டுகளைப் பற்றிய நான்கு சிறு கதைகள் மட்டுமே. தீர்மானம் எதுவும் நிறைவேற்றப்படவில்லை. ஒப்பந்தம் எதிலும் யாரும் கையெழுத்திடவில்லை.

ஆயினும் கூர்ந்து கேட்டலைப் பற்றிப் பேசுவோர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த நிகழ்வைத்தான் திரும்பத் திரும்பச் சுட்டுகிறார்கள். உள்ளே வரும்போது எவரிடமும் முழுதாக இல்லாத ஒரு புரிதலோடு அவர்கள் வெளியே போனார்கள் என்பதே அதற்குக் காரணம். அந்தப் புரிதல் எப்படி உருவானது, அதில் கேட்டலின் பங்கு எவ்வளவு, எந்த இடத்தில் அதன் வலிமை முடிந்துபோனது என்பவை இக்கட்டுரையின் கேள்விகள். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த அறைக்குள் நடந்தவற்றில் நமக்குத் தெரிபவை பெரும்பாலும் அக்கூட்டங்களை நெறிப்படுத்திய ஆடம் கஹேன் பின்னாளில் எழுதியவற்றிலிருந்தும், பங்கேற்றவர்கள் தந்த நேர்காணல்களிலிருந்தும் வருபவை. தம் பணியின் வெற்றியைச் சொல்லும் ஒருவரின் சாட்சியம் என்ற எச்சரிக்கையோடுதான் அவற்றைப் படிக்க வேண்டும்.

கூடிய காலம்

1990 பிப்ரவரி 2 அன்று வெள்ளையர் நிறவெறி ஆட்சியின் அதிபர் டி கிளார்க், ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ், பான் ஆப்பிரிக்கக் காங்கிரஸ், கம்யூனிஸ்ட் கட்சி ஆகியவற்றின் மீதிருந்த தடையை நீக்கினார். ஒன்பது நாள் கழித்து நெல்சன் மண்டேலா விடுதலையானார். அடுத்து என்ன என்பது யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. 1990க்கும் 1994க்கும் இடையில் அரசியல் வன்முறையில் ஏறத்தாழ 14,000 பேர் உயிரிழந்தார்கள் என்ற கணக்கே அந்த இடைக்காலத்தின் தன்மையைச் சொல்லிவிடும். கட்சிகளின் முறையான பேச்சுவார்த்தை 1991 டிசம்பரில்தான் தொடங்கியது. அதாவது மோன்ட் ஃப்ளூரின் முதல் இரண்டு அமர்வுகள் அதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டன.

கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தவர்கள் மேற்கு கேப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் பீட்டர் லெ ரூவும் அரசியல் அறிஞர் வின்சென்ட் மாபாயும். எதிர்காலத்தை ஒரே கணிப்பாகச் சொல்லாமல், நடக்கக்கூடிய சில கதைகளாக எழுதிப் பார்க்கும் முறையை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் 1970களில் வளர்ந்த முறை அது. தென்னாப்பிரிக்காவுக்கும் அது புதிதன்று. ஆங்கிலோ அமெரிக்கன் சுரங்க நிறுவனத்தின் கிளெம் சன்டர், நாட்டின் முன் 'மேட்டுப் பாதை', 'தாழ்ந்த பாதை' என இரண்டு வழிகள் இருக்கின்றன என்று 1980களின் நடுவிலேயே மேடைதோறும் பேசியிருந்தார். ஆனால் அவை நிறுவன வல்லுநர்கள் எழுதி மற்றவர்களுக்குச் சொன்ன கதைகள். நாளை ஆட்சியிலும் எதிர்க்கட்சியிலும் தொழிற்சங்கத்திலும் இருக்கப்போகிறவர்களே கூடி உட்கார்ந்து எழுதியது மோன்ட் ஃப்ளூரில்தான். ட்ரெவர் மானுவல், டிட்டோ ம்போவெனி, ராப் டேவிஸ், குகிலே ங்க்வின்டி ஆகிய நால்வரும் பின்னர் அமைச்சர்களானார்கள்.

நெறியாளராக ஷெல்லின் லண்டன் அலுவலகத்திலிருந்து வந்த கஹேன் கனடாக்காரர். முப்பது வயதைக் கடந்தவர். தென்னாப்பிரிக்காவைப் பற்றி ஆழமாகப் படித்துத் தயாராக அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. இவ்வளவு அறியாமையோடு ஒருவர் இருக்க முடியும் என்பதை முதலில் நம்பவே முடியவில்லை, எங்களை ஏதோ சூழ்ச்சியில் சிக்கவைக்கப் பார்க்கிறார் என்று எண்ணினோம், உண்மையாகவே ஒன்றும் தெரியாதவர் என்று புரிந்த பிறகுதான் நம்பத் தொடங்கினோம் என்ற பொருளில் பங்கேற்றவர் ஒருவர் அவரிடம் பிறகு சொன்னாராம். இதை வேடிக்கையாகக் கடந்துவிடக் கூடாது. அந்த நாட்டில் அன்று எந்தக் கேள்விக்கும் பின்னால் ஒரு கட்சி இருந்தது. பதில் தெரிந்துகொண்டே கேட்கும் கேள்விக்கும் தெரியாமல் கேட்கும் கேள்விக்கும் உள்ள வேறுபாட்டை அங்கிருந்தவர்கள் உடனே உணர்ந்திருக்கிறார்கள்.

இரண்டு கேள்விகளுக்கு மட்டும் அனுமதி

முதல் அமர்வில் குழு சிறு பிரிவுகளாகப் பிரிந்து, அடுத்த பத்தாண்டுகளில் நாட்டில் என்னென்ன நடக்கலாம் என்று கதைகளாகச் சொல்ல வேண்டும். அவரவர் கட்சி விரும்புவதைச் சொல்லக் கூடாது. நடக்கக்கூடியதைச் சொல்ல வேண்டும். கேட்பவர்களுக்கும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. 'இது முட்டாள்தனமான கதை' என்றோ 'இப்படி நடப்பதை நான் விரும்பவில்லை' என்றோ எவரும் சொல்லக் கூடாது. 'அது ஏன் நடக்கும்?', 'அதற்குப் பிறகு என்ன நடக்கும்?' என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேட்கலாம்.

இந்த ஆய்வின் மையம் இந்த விதிதான் என்பது என் கருத்து. கூர்ந்து கேட்டல் என்றாலே நல்லெண்ணம், பொறுமை, இதயத்தைத் திறத்தல் போன்ற சொற்கள் முன்வந்து நின்றுவிடுகின்றன. மோன்ட் ஃப்ளூரில் அமர்ந்தவர்களுக்கு ஒருவர்மீது ஒருவர் நல்லெண்ணம் இருந்ததற்குச் சான்று இல்லை. அவர்கள் வரும்போது அவர்களிடம் இருந்ததெல்லாம் ஐயமே. விதி அந்த ஐயத்தைப் போக்கும்படி கேட்கவில்லை. மறுத்துப் பேசும் வாய்ப்பை மட்டும் எடுத்துவிட்டது. மறுப்பதற்கான ஓட்டையைத் தேடிக்கொண்டே கேட்பவர், எதிரில் இருப்பவர் சொல்வதில் பாதியைத்தான் கேட்கிறார். மீதி நேரம் தம் பதிலை ஆயத்தம் செய்கிறார். 'அதற்குப் பிறகு என்ன நடக்கும்' என்று கேட்டாக வேண்டிய நிலையில் உள்ளவரோ, அக்கதை எந்தக் காரணத்திலிருந்து எந்த விளைவுக்குப் போகிறது என்று அதன் தடத்திலேயே நடந்தாக வேண்டும். அப்படி நடக்கும்போது எதிராளியின் சிந்தனை ஒரு முழக்கமாகத் தோன்றுவது நின்று, தொடர்ச்சியுள்ள ஒரு வாதமாகத் தெரியத் தொடங்குகிறது.

இதற்குக் கஹேன் தரும் எடுத்துக்காட்டு ஒன்று நினைவில் நிற்கத்தக்கது. ஒரு சிறு பிரிவில், சுரங்க முதலாளிகளின் கூட்டமைப்பில் உயர் பொறுப்பில் இருந்த ஜோஹன் லீபன்பெர்க், பலகையில் மாட்டிய பெரிய தாளில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். பேசியவர் பான் ஆப்பிரிக்கக் காங்கிரஸின் மோசெபியானே மலாட்சி. 'ஒரு குடியேறிக்கு ஒரு தோட்டா' என்ற முழக்கத்தோடு நாடு முழுவதும் அடையாளம் காணப்பட்ட இயக்கம் அது. மலாட்சி சொல்வதை லீபன்பெர்க் பதற்றமின்றிச் சுருக்கி, நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று கேட்டு, பிரிட்டோரியாவின் சட்டவிரோத இனவெறி ஆட்சி என்ற சொற்களைத் தம் வாயாலேயே திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டிருந்தார். அவர் மலாட்சியின் கருத்தை ஏற்கவில்லை. ஆனால் மலாட்சி 'ஆம், இதைத்தான் சொன்னேன்' என்று ஒப்பும் அளவுக்கு அதைச் சொல்ல அவரால் முடிந்தது. ஒருவர் கேட்டாரா இல்லையா என்பதற்கு இதைவிடக் கறாரான சோதனை எனக்குத் தெரியவில்லை. தலையசைப்பதும் கண்ணைப் பார்ப்பதும் எளிது. எதிராளியின் வாதத்தை அவரே ஒப்பும்படி எடுத்துரைப்பது எளிதன்று.

லீபன்பெர்க்குக்கு மறுபக்கத்தில் ஹோவர்ட் கேப்ரியல்ஸ் இருந்தார். தேசியச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தில் பணியாற்றியவர். 1987 ஆகஸ்டில் மூன்று வாரம் நீடித்த மாபெரும் சுரங்க வேலைநிறுத்தத்தில் இருவரும் எதிரெதிர் முகாம்களில் நின்றவர்கள். அந்தப் போராட்டத்தில் தொழிலாளர்கள் கொல்லப்பட்டார்கள்; நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தார்கள்; பல்லாயிரம் பேர் வேலை நீக்கம் செய்யப்பட்டார்கள். காயங்கள் ஆறாத நிலையில் எதிரியுடன் ஒரே அறையில் இருந்ததைப் பிற்பாடு நினைவுகூர்ந்த கேப்ரியல்ஸ், அவர் உலகத்தை என் பக்கமிருந்தும் நான் அவர் பக்கமிருந்தும் பார்க்க மோன்ட் ஃப்ளூர் இடம் தந்தது என்ற பொருளில் பேசியிருக்கிறார். மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

தன் கதையைத் தானே கேட்பது

இந்த விதி கேட்பவர்மீது மட்டும் வேலை செய்யவில்லை. சொல்பவர்மீது அது செய்த வேலை இன்னும் வியப்பானது. மலாட்சி ஒரு கதை சொன்னார். சீனாவின் மக்கள் விடுதலைப் படை விடுதலை இயக்கத்தின் ஆயுதப் படைக்கு உதவிக்கு வருகிறது. வெள்ளையர் அரசு போரில் வீழ்கிறது. 1991இல், சோவியத் ஒன்றியம் சிதறிக்கொண்டிருந்த அந்த மாதங்களில், இது நடக்காது என்று அறையில் இருந்த எவராலும் ஒரு நிமிடத்தில் நிறுவியிருக்க முடியும். விதியின்படி யாரும் அதைச் செய்யவில்லை. ஏன் நடக்கும், பிறகு என்ன நடக்கும் என்ற கேள்விகள் மட்டுமே இருந்தன. கதையைச் சொல்லச் சொல்லவே அது நிற்காது என்பதை மலாட்சி உணர்ந்து உட்கார்ந்துவிட்டார் என்கிறார் கஹேன். அதன் பின் அந்தக் கதையை யாரும் எடுக்கவில்லை.

வழக்கமான விவாதமாக இருந்திருந்தால் நடந்திருக்கக்கூடியது வேறு. ஒருவர் சிரித்திருப்பார், இன்னொருவர் எண்ணிக்கைகளை அடுக்கியிருப்பார், மலாட்சி தம் இயக்கத்தின் மானம் கருதி அந்தக் கதையைக் கடைசிவரை தாங்கிப் பிடித்திருப்பார். தாக்கப்படும் கருத்தை விட்டுக்கொடுப்பது தோல்வி. தாக்கப்படாத கருத்தைத் தானே கைவிடுவது தோல்வியாகாது. பிறர் முழுக் கவனத்துடன் அமைதியாகக் கேட்கும்போது, சொல்பவரும் தம் சொல்லை முதன்முறையாகக் கேட்கிறார். கூர்ந்து கேட்டலிலிருந்து புதிய எண்ணம் பிறக்கிறது என்று சொல்லும்போது, அது கேட்பவரின் தலையில்தான் பிறக்கும் என்று நாம் இயல்பாகக் கருதிக்கொள்கிறோம். இந்த நிகழ்வில் பல முறை அது சொன்னவரின் தலையில் பிறந்திருக்கிறது.

முப்பதிலிருந்து நான்குக்கு

முதல் அமர்வில் முப்பது கதைகள் வந்தன. அவை ஒன்பதாகவும் பின்னர் நான்காகவும் சுருக்கப்பட்டன. நான்குக்கும் பறத்தலோடு தொடர்புள்ள பெயர்கள் வைத்தார்கள். 'நெருப்புக்கோழி'யில் வெள்ளையர் அரசு மணலில் தலையைப் புதைத்துக்கொண்டு உண்மையான உடன்பாட்டைத் தவிர்க்கிறது. 'நொண்டி வாத்து' கதையில் நீண்ட இடைக்கால ஆட்சி ஒன்று அமைகிறது. எல்லாத் தரப்பையும் திருப்திப்படுத்த முயன்று எதையும் செய்ய இயலாமல் கிடக்கிறது. 'ஃபிளமிங்கோக்களின் பறத்தல்' நல்ல முடிவுள்ள கதை. ஃபிளமிங்கோக்கள் என்னும் பூநாரைகள் மெதுவாகத்தான் எழும்பும். ஆனால் சேர்ந்து எழும்பி உயரப் பறக்கும்.

நான்காவதான 'இக்காரஸ்' சற்று விரிவாகச் சொல்லத்தக்கது. மெழுகில் ஒட்டிய சிறகுகளோடு சூரியனை நெருங்கி விழுந்த கிரேக்கப் புராண இளைஞனின் பெயர் அது. (நான்கில் பறவையல்லாதது இது ஒன்றுதான்.) மக்கள் ஆதரவோடு வலுவான கறுப்பின அரசு ஒன்று ஆட்சிக்கு வருகிறது. பல தலைமுறை அநீதியை விரைவில் சரிசெய்யும் உண்மையான நோக்கத்தோடு வரவுக்கு மீறிச் செலவழிக்கிறது. சில ஆண்டுகள் எல்லாம் நன்றாக நடக்கின்றன. பிறகு அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரைகிறது, விலைவாசி ஏறுகிறது, பொருளாதாரம் நொறுங்குகிறது. அரசு யாருக்காகச் செலவழித்ததோ அந்த ஏழை மக்களே முன்னைவிட மோசமான நிலைக்குத் தள்ளப்படுகிறார்கள். லத்தீன் அமெரிக்க நாடுகள் சிலவற்றின் அனுபவம் இந்தக் கதையின் பின்னணியில் இருந்தது.

இதே எச்சரிக்கையை வெள்ளையர் வங்கிகளும் வணிகச் சங்கங்களும் முன்பே சொல்லிக்கொண்டுதான் இருந்தன. அவர்கள் சொன்னபோது அது உடைமையாளர்களின் அச்சமாக மட்டுமே கேட்டது. மோன்ட் ஃப்ளூரில் அதை இடதுசாரிப் பின்னணியுள்ள பொருளியலாளர்களும் தொழிற்சங்கத்தவரும் உள்ளிட்ட குழு தானே கட்டி எழுப்பியது. மறுபக்கம், 'நெருப்புக்கோழி'யும் 'நொண்டி வாத்தும்' வெள்ளையர் நிறுவனங்களுக்குக் கசப்பானவை. சிறுபான்மையினருக்கு வேண்டிய பாதுகாப்புகளையெல்லாம் சட்டத்தில் அடுக்கிக்கொண்டே போனால் கிடைப்பது நொண்டி வாத்துதான் என்பதை லீபன்பெர்க் போன்றோரும் சேர்ந்து எழுதினார்கள். ஒவ்வொரு தரப்பும் தனக்கு மிகவும் வேண்டியதைப் பெற்றுவிட்டால் என்ன ஆகும் என்பதை எதிர்த் தரப்பின் கேள்விகளின் வழியே கண்டது. இந்த அமர்வுகளில் புதிதாகப் பிறந்த புரிதல் என்று நான் கருதுவது இதைத்தான்.

அறைக்கு வெளியே

குழுவின் அறிக்கை 1992 ஜூலையில் ஒரு வார இதழின் இணைப்பாக நாடெங்கும் போனது. அதற்குச் சற்று முன், ஜூன் 17 அன்று பொய்பட்டாங் என்னும் கறுப்பினக் குடியிருப்பில் நடந்த படுகொலையை அடுத்து ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் பேச்சுவார்த்தையிலிருந்து விலகியிருந்தது. கட்சிகள் முறையாகப் பேசுவதை நிறுத்தியிருந்த வாரங்களில் இந்தக் கதைகள் பேசப்பட்டன. அரை மணி நேரக் காணொளி ஒன்றும் தயாரிக்கப்பட்டது. கட்சிகள், நிறுவனங்கள், சங்கங்கள் என ஐம்பதுக்கும் மேற்பட்ட குழுக்களுக்கு அவை எடுத்துரைக்கப்பட்டன. நான் நெருப்புக்கோழி அல்லன் என்று டி கிளார்க் சொன்னதாகச் செய்தி உண்டு. 1999இல் ரிசர்வ் வங்கியின் ஆளுநராகப் பொறுப்பேற்ற ம்போவெனி, நாங்கள் இக்காரஸ் அல்லர், சூரியனுக்கு மிக அருகில் பறந்துவிடுவோமோ என்ற அச்சம் வேண்டாம் என்றார். 1996 முதல் 2009 வரை நிதியமைச்சராக இருந்த மானுவல், மோன்ட் ஃப்ளூரிலிருந்து அரசின் பொருளாதாரக் கொள்கைக்கு நேர்க்கோடு போட முடியாது, ஆனால் வளைந்து வளைந்து போகும் தொடர்பு நிறைய உண்டு என்று ஒப்புக்கொண்டார்.

மானுவலின் 'வளைந்து வளைந்து' என்பதே சரியான அளவு. 1994 ஏப்ரல் தேர்தலுக்கு இட்டுச்சென்றவை பேச்சுவார்த்தை மேசையும் தெருப் போராட்டமும் பொருளாதாரத் தடைகளும் பனிப்போரின் முடிவும்தான். பான் ஆப்பிரிக்கக் காங்கிரஸ் 1994 ஜனவரியில் ஆயுதப் போராட்டத்தை நிறுத்தித் தேர்தலில் நின்றது. மலாட்சியின் ஒரு கதை நிற்காமல் போனதால்தான் அது நடந்தது என்று சொன்னால் மிகையாகிவிடும்.

கேளாமல் விடப்பட்டவை

குறை கூறியவர்களும் உண்டு. அரசியல் பொருளியலாளர் பேட்ரிக் பாண்ட், அந்தக் காலத்துக் கதை எழுதும் முயற்சிகளை மேட்டுக்குடிகளுக்கிடையிலான உடன்பாட்டின் ஒரு கருவியாகப் பார்த்தார். விடுதலை இயக்கத்தின் பொருளாதாரச் சிந்தனை சந்தையை நோக்கி மெல்ல வளைக்கப்பட்டது என்பது அவருடைய குற்றச்சாட்டு. 1996 ஜூனில் அரசு அறிவித்த சிக்கனக் கொள்கையைத் தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. வேலையின்மையும் சமத்துவமின்மையும் இன்றுவரை அந்த நாட்டின் தீராச் சிக்கல்கள்.

இக்குற்றச்சாட்டை முழுமையாக ஏற்க முடியாவிட்டாலும் ஒதுக்கிவிடவும் முடியாது. அறையில் இருந்தவர்கள் வெவ்வேறு இனத்தவர், வெவ்வேறு கட்சியினர். ஆனால் ஏறத்தாழ அனைவரும் படித்தவர்கள், பொறுப்புகளில் இருந்தவர்கள், ஆங்கிலத்தில் சரளமாக வாதிடக்கூடியவர்கள். வேலையற்ற இளைஞரோ பண்ணைக் கூலியோ அங்கே உட்கார்ந்து 'ஃபிளமிங்கோக்கள் மெதுவாக எழும்பட்டும்' என்ற வாக்கியத்தைக் கேட்டு 'அதற்குப் பிறகு என்ன நடக்கும்?' என்று வினவியிருந்தால், அந்த மெதுவான எழும்பலின் விலையை யார் கொடுப்பது என்பது கதைக்குள் வந்திருக்கக்கூடும். கேட்டலின் விதி அறையில் இருப்பவர்களுக்கிடையேதான் வேலை செய்யும். அழைப்புப் பட்டியல் எழுதப்படும்போதே எதெல்லாம் கேட்கப்படாது என்பது பெருமளவுக்கு முடிவாகிவிடுகிறது.

இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. இதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. அமர்வில் 'இக்காரஸ்' ஒரு கேள்வி. இவ்வளவு விரைவாகச் செலவழித்தால் என்ன ஆகும் என்று பல நாள் துருவிக் கேட்டதன் விளைவு அது. ம்போவெனியின் வாயில், ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, அது சந்தைகளுக்குத் தரும் உறுதிமொழி. இன்னும் கொஞ்சம் செலவழிக்கக் கூடாதா என்று கேட்பவருக்கு அந்த ஒரு பெயரே பதிலாகிவிடும் நிலை வந்தபோது, கேட்டலில் பிறந்த கதை கேட்டலை முடித்துவைக்கும் சொல்லாகிவிட்டது. கதையை எழுதிய குழு 1992 முடிவில் கலைந்துவிட்டிருந்தது; 1996இல் அதே மனிதர்கள் மீண்டும் கூடி, 'இப்போது என்ன நடக்கிறது' என்று அதே இரண்டு கேள்விகளுடன் அந்தக் கதைகளைத் திறந்து பார்க்க எந்த ஏற்பாடும் இருக்கவில்லை.

கஹேன் 1993இல் ஷெல்லை விட்டு விலகிக் கேப் டவுனில் குடியேறினார். இதே முறையைக் கொலம்பியாவில் 1997இல் நடத்தியபோது கெரில்லா இயக்கத்தினர் சிறையிலிருந்தும் கோஸ்டாரிகாவிலிருந்தும் தொலைபேசி வழியாகப் பங்கேற்றார்கள். அங்கும் நான்கு கதைகள் வெளிவந்தன. ஆனால் தென்னாப்பிரிக்காவில் கேட்டவர்கள் இரண்டு ஆண்டுகளில் ஆட்சிக்கு வந்தார்கள். கொலம்பியாவில் போர் தொடர்ந்தது. அந்த முயற்சியைத் தொடங்குவதில் முன்னின்ற ஹுவான் மானுவல் சாண்டோஸ் 2010இல் அதிபராகி, 2016இல் ஃபார்க் கெரில்லா இயக்கத்துடன் அமைதி உடன்பாடு கண்டார். அந்தப் பழைய கதைகளை மீண்டும் படித்தபோது கல்விப் பயிற்சியாக அல்ல, தீர்க்கதரிசனமாகவே தோன்றின என்று இடையில் 2012இல் அவர் எழுதினார்.